குற்றம் செய்த மருத்துவர் எங்கே போவார்?



அமெரிக்க மருத்துவமனைத் தொடர்களைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் நாம் பேச ஆரம்பித்தால், பேச்சு பெரும்பாலும் கருக்கலைப்பிலோ கருணைக் கொலையிலோ போய் நிற்கும். தொடர் நம் பக்கம் நின்றதா, எதிர்ப்பக்கம் நின்றதா என்று கணக்குப் பார்ப்போம். அந்தக் கணக்கும் தேவைதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. மனமறிந்து தவறு செய்துவிட்ட மருத்துவர் அதற்குப் பிறகு என்ன ஆகிறார்? யாரிடம் போய்ச் சொல்கிறார்? தவறு நடக்கும் அந்த நொடியை இந்தத் தொடர்கள் அபாரமாகக் காட்டுகின்றன. அதன்பின் வரும் நாட்களைக் காட்டத்தான் தயங்குகின்றன.

'ஈ.ஆர்.' தொடரை எடுத்துக்கொள்வோம். ஹார்வர்டில் மருத்துவம் படித்து, பிறகு எழுத்தாளரான மைக்கேல் கிரைட்டன் உருவாக்கியது. 1994 முதல் 2009 வரை ஓடியது. சிக்காகோவில் ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுதான் களம். அங்கே டாக்டர் மார்க் கிரீன் எல்லோரும் நம்பும் மனிதர். 2001 மே மாதம் வந்த பகுதியில், பெற்ற மகனைத் துன்புறுத்தியதால் பிள்ளையை அதிகாரிகளிடம் இழந்த ஒருவன், துப்பாக்கியோடு புறப்பட்டுப் பலரைச் சுடுகிறான். கிரீனின் வீடு வரைக்கும் போகிறான். கடைசியில் அவனே குண்டடிபட்டு கிரீனின் கைக்கு வந்து சேர்கிறான். லிஃப்டுக்குள் இவர்கள் இருவர்தான். அவன் இதயத்துடிப்பு தாறுமாறாகிறது. கிரீன் ஷாக் கருவியை சார்ஜ் செய்கிறார். அதை அவன் நெஞ்சில் வைக்காமல் வெறும் காற்றில் பாய்ச்சுகிறார். அவன் சாகிறான்.

பார்க்கிற நம் மனம் அந்த நேரத்தில் கிரீனின் பக்கம் சாய்கிறது. மனைவியையும் பிள்ளையையும் கொல்ல வந்தவன் அல்லவா? சாய்கிற அந்த மனத்தை நாம் கவனித்துப் பார்க்க வேண்டும். பகைவனுக்கும் அன்பு காட்டச் சொன்னவரைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் நாம்.

'ஹவுஸ்' தொடரில் இதே கேள்வி இன்னும் கூர்மையாக வருகிறது. 2009-இல் வந்த பகுதி அது. ஆப்பிரிக்க நாடு ஒன்றின் சர்வாதிகாரி சிகிச்சைக்கு வருகிறார். தன் நாட்டில் ஒரு சிறுபான்மை இனத்தையே அழிக்கத் துணிந்தவர். டாக்டர் சேஸ் இரத்தப் பரிசோதனையில் மோசடி செய்கிறார். தவறான நோய்க்கு மருந்து போகிறது, சர்வாதிகாரி இறக்கிறார். இந்த சேஸ் ஒரு காலத்தில் குருமடத்தில் படித்தவர்! ஆகவே பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறார். காவல்துறையில் சரணடையாமல் பாவமன்னிப்பு இல்லை என்கிறார் குரு.

இந்த இடத்தில் எழுத்தாளர்கள் பாதி சரி, பாதி தவறு என்பது என் கருத்து. மனம் வருந்துகிறார் என்பதில் ஐயமில்லாதபோது, கேட்பவருக்குப் பாவமன்னிப்பை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 980-ஆம் பிரிவு. காவல் நிலையத்தை நிபந்தனையாக்கியது கதைக்கு வசதி. ஆனால் உள்ளே இருக்கும் உண்மை வலுவானது. செய்த தீங்கை ஈடுகட்ட மனமில்லாதவர் மன்னிப்பை மட்டும் எப்படிப் பெற்றுக்கொண்டு போக முடியும்? சக்கேயு, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்ன பிறகுதான் அவர் வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு அறிவிக்கிறார். சேஸின் மனைவி கேமரனோ கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அவர் கணவனை மன்னிக்கவே தயாராக இருந்தார். மறுபடியும் அப்படி ஒரு நிலை வந்தால் அதையேதான் செய்வேன் என்று கணவன் சொன்ன பிறகுதான் பிரிந்து போகிறார். மனமாற்றம் என்றால் என்னவென்று, குருமடத்தில் படித்தவரைவிட அந்தப் பெண்ணுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மறுபடியும் 'ஈ.ஆர்.'. 2008 ஜனவரியில் வந்த ஒரு பகுதி. விஷ ஊசி மரண தண்டனை அரசியல் சட்டத்துக்கு உட்பட்டதுதானா என்ற வழக்கு அப்போது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. தீர்ப்பு வரும்வரை நாட்டில் தண்டனைகள் நின்றுபோயிருந்தன. தொடரில், சிறையில் அந்த ஊசியைப் போட்டுவந்த மருத்துவர் ஒருவர் புற்றுநோயால் செத்துக்கொண்டிருக்கிறார். ஒரு கைதிக்கு முதல் முறை மருந்து வேலை செய்யவில்லை. இவர் விடாமல் செய்து முடித்தார். அந்தக் கைதி நிரபராதி என்று பிறகு தெரிந்தது. கடவுள் தடுத்துப் பார்த்தார், நான் கேட்கவில்லை என்று கிடந்து தவிக்கிறார் மனிதர்.

மருத்துவமனையின் ஆன்மப் பணியாளரான பெண் வந்து உட்காருகிறார். கனிவானவர், கெட்டிக்காரர். கடவுள் என்ன விரும்புகிறார் என்பதை அவரவரே கண்டுகொள்ள வேண்டும் என்கிறார். அந்தப் பதில் நோயாளியைக் கொதிக்க வைக்கிறது. உண்மையான கடவுளையும் உண்மையான நரகத்தையும் நம்புகிற ஒருவரை அனுப்புங்கள், எனக்கு நேரம் இல்லை என்று கத்துகிறார்.

நோயாளிகளைச் சந்திக்கப் போகும் நம் சபை ஊழியர்களும் பங்குப் பேரவையினரும் இந்தக் காட்சியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அந்தப் பெண் எந்தத் தீங்கும் நினைக்கவில்லை. யாரையும் புண்படுத்தக் கூடாது என்று கவனமாகப் பேசினார், அவ்வளவுதான். ஆனால் தன் கையால் ஒருவன் செத்தான் என்று அறிந்தவருக்கு, நீங்கள் நினைப்பதுதான் சரி என்ற ஆறுதல் எதற்கு ஆகும்? பாவம் என்று ஒன்று உண்டு, அதைச் சுமந்தவர் ஒருவர் உண்டு என்று யாராவது அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருந்தது.

சொல்ல முடிந்த ஒருவரையும் இதே தொடர் படைத்திருக்கிறது. 2001-இன் தொடக்கத்தில், லூபஸ் நோயால் இறந்துகொண்டிருக்கும் ஓர் ஆயர், தனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் லூக்கா கோவாச்சின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கிறார். குரோவேஷியாவின் வூக்கோவார் நகரில், போரில் வீடு குண்டுக்கு இரையான நாளில், மூச்சு நின்ற மகளை விட்டுப் போக லூக்காவுக்கு மனம் வரவில்லை. காயம்பட்ட மனைவியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் அவராவது பிழைத்திருக்கலாம். இருவருமே போய்விட்டார்கள். சாகப் போகிற ஆயர் அதைப் பொறுமையாகக் கேட்டு, பாவமன்னிப்பு வழங்குகிறார். மருத்துவத் தொடர்களில் நான் பார்த்த மிகச் சிறந்த கிறிஸ்தவக் காட்சி இதுதான்.

ஆயினும் ஒரு மனக்குறை. லூக்காவின் குற்ற உணர்வு பாசத்தில் பிறந்தது. அவரை மன்னிக்கப் பார்வையாளர் யாருக்கும் தயக்கம் இருக்காது. அதே ஏழாவது சீசனில், மூன்றே மாதம் கழித்து, லிஃப்டுக்குள் ஓர் ஆளைச் சாகவிட்ட கிரீனுக்கு அப்படி ஓர் ஆயரை எழுத்தாளர்கள் அனுப்பவில்லை. அனுப்பியிருக்க வேண்டும். லூக்காவைவிட கிரீனுக்குத்தான் அவர் அதிகம் தேவைப்பட்டார்.