ஓடுகின்ற சொல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையிலே சமயமும் இலக்கியமும் பேசுவது வழக்கம். ஆனால் உங்கள் செயலாளர் என்னிடம் வந்து, "ஐயா, எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் பயப்படுகிறார்கள், அவர்களுக்கு உதவும்படி ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். ஒரு மொழி முழுவதையும் அரை மணி நேரத்திலே சொல்லிவிட எவராலும் இயலாது. ஆகையால் ஒரேயொரு சொல்லைக் கையிலெடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். 'றன்' என்னும் வினைச்சொல்தான் அது. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து.

"இது தெரியாதா? ஓடு என்பதுதானே பொருள்!" என்று பின்வரிசையிலே சிலர் சிரிப்பது தெரிகிறது. நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தால் வந்த நட்டத்தை முதலிலே சொல்லிவிடுகிறேன்.

நான் எட்டாம் வகுப்பிலே படித்த காலம். என் அம்மம்மா சந்தைக்கு அண்மையில் ஒரு சிறு காணித்துண்டைக் குத்தகைக்கு எடுத்துக் கருவாட்டுக் கடை வைத்திருந்தார். ஒருநாள் காணிக்காரருடைய புறக்டரிடமிருந்து ஆங்கிலத்திலே ஒரு கடிதம் வந்தது. வீட்டில் ஆங்கிலம் 'படித்தவன்' நான் ஒருவனே. 'லீஸ்' என்றால் குத்தகை. 'றன்ஸ்' என்றால் ஓடுகிறது. அதற்குப் பின்னால் 'அவுட்' என்று ஒரு சின்னச் சொல். அதனை நான் பொருட்படுத்தவில்லை. மார்ச் 31 என்ற திகதியும் இருந்தது. "குத்தகை ஓடிக்கொண்டிருக்கிறது, அம்மம்மா. பயப்பட ஒன்றுமில்லை" என்று பெருமையோடு சொன்னேன். "அப்ப சரி, மோனை" என்று அவர் கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

'றன் அவுட்' என்றால் முடிந்துபோதல். மார்ச் 31ஆந் திகதியோடு குத்தகை முடிகிறது, வேண்டுமானால் அதற்குமுன் வந்து புதுப்பித்துக்கொள்க என்பதே கடிதத்தின் கருத்து. ஏப்ரலில் அந்த இடம் வேறொருவர் கைக்குப் போயிற்று. அம்மம்மா கடகங்களைத் தூக்கிக்கொண்டு தெருவோரத்துக்கு வந்தார்.

அன்பர்களே, இது என் அறியாமை மட்டுமன்று. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று மனனம் செய்யும் நம் பழக்கத்தின் குற்றமுமாகும்.

இந்தச் சொல்லின் பரப்பைக் கேளுங்கள். ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் முதற் பதிப்பு 1928இல் முற்றுப்பெற்றது. அப்போது அதிலே மிக நீண்ட விளக்கத்தைப் பெற்றிருந்த சொல் 'செற்' என்னும் வினை. 'றன்' பின்னாளில் அதனை முந்திவிட்டது. புதிய பதிப்புக்காக அதனை ஆராய்ந்த அறிஞர் பீற்றர் கில்லிவர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதங்கள் போராடினார். வினைச்சொல்லாக அதற்கு 645 பொருள்கள் உண்டென்ற செய்தி 2011இல் உலகெங்கும் பரவிற்று.

645 பொருள்களையும் நெட்டுருப் போட வேண்டுமா? வேண்டியதில்லை. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் மனிதன் ஓடுவதையும் குறித்தது, நீர் பாய்வதையும் குறித்தது. தடையின்றித் தொடர்ந்து செல்லுதல் என்னும் அந்தக் கருத்தை ஆணிவேராகப் பிடித்துக்கொண்டால் கிளைகள் பல தாமாகவே விளங்கும். மகாவலி கங்கை கொட்டியாரக்குடாவை நோக்கி ஓடுகிறது, அது றன். இயந்திரம் ஓடுகிறது, அதுவும் றன். கொழும்பு இரயில் ஓடுகிறது, கப்பியினூடே கயிறு ஓடுகிறது, பாய்மரப் படகு பின்காற்று வாங்கிச் செல்கிறது, யாவும் றன்னே. கிரிக்கெட்டிலே நம் பத்திரிகைகள் 'ஓட்டங்கள்' என்று எழுதுவதும் அதுவே.

பார்த்தீர்களா? நம் 'ஓடு' என்னும் சொல்லும் இத்தனை இடத்துக்கும் ஓடுகிறது! இன்னும் இரத்த ஓட்டம், தேரோட்டம், எண்ண ஓட்டம் என்று எத்தனையோ. இவற்றை யாரும் நமக்கு அட்டவணை போட்டுக் கற்பிக்கவில்லை. தாயின் வாயிலிருந்து, பேச்சின் நடுவிலிருந்து கற்றுக்கொண்டோம். ஆங்கிலச் சொல்லையும் அவ்வாறே வாக்கியத்தின் நடுவிலிருந்து கற்கவேண்டும்.

ஆனால் இரு மொழியும் எங்கும் ஒத்துப்போவதில்லை. தானே ஓடினால் 'ஓடு', பிறவற்றை ஓடச் செய்தால் 'ஓட்டு' என்று தமிழ் இலக்கணம் தன்வினை பிறவினை வகுக்கிறது. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே றன் போதுமென்கிறது. வ. உ. சிதம்பரம்பிள்ளை அவர்கள் 1906இல் சுதேசிக் கப்பற் கொம்பனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே கப்பல் விட்டார். அவரைக் கப்பலோட்டிய தமிழன் என்கிறோம். அவர் சுக்கான் பிடித்தவரல்லர். கப்பற் சேவையை நடத்தியவர். ஆங்கிலத்தில் றன் என்றே சொல்லலாம். ஆனால் கடையையும் பள்ளிக்கூடத்தையும் ஆங்கிலேயர் 'ஓட்ட', நாமோ 'நடத்து'கிறோம். தேர்தலிலோ அமெரிக்கர் 'ஓடுகிறார்'. இங்கிலாந்துக்காரர் நம்மைப் போலவே 'நிற்கிறார்'!

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இச்சொல் தனியே வருவதைவிடத் துணையோடு வரும்போதே அதிகம் ஏமாற்றும். 'அவுட்' சேர்ந்தால் முடிந்துபோதல். 'இன்ரு' சேர்ந்தால் எதிர்பாராமற் சந்தித்தல் அல்லது மோதுதல். 'ஓவர்' சேர்ந்தால் வாகனம் ஒருவர்மேல் ஏறுதல். ஒரு பத்திரத்தை விரைவாகப் பார்த்துக்கொண்டு போவதும் அதுவே. 'அக்ரவுண்ட்' சேர்ந்தால் கப்பல் தரைதட்டுதல். துறைமுகத்துப் பிள்ளைகள் அறியவேண்டிய சொல் இது. ஆகவே தம்பிமாரே, தங்கைமாரே, வினைச்சொல்லைக் கண்டதும் நின்றுவிடாதீர்கள். அதன் பின்னால் நிற்கும் சிறிய சொல்லையும் பாருங்கள். சொற்களைத் தனித்தனியே எழுதாமல் முழு வாக்கியமாகக் கொப்பியிலே எழுதி வையுங்கள். மற்றொருவருக்காக ஒரு கடிதத்தை வாசிக்கும்போது ஐயம் தோன்றினால், "எனக்கு விளங்கவில்லை, தெரிந்தவரிடம் கேட்போம்" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். அந்த ஒரு வார்த்தையை அன்று நான் சொல்லியிருந்தால் அம்மம்மாவின் கடை நிலைத்திருக்கும்.

உண்மை தெரிந்த நாளிலே நான் அழுதேன். அவர் என்னை ஏசவில்லை. "அழாதை மோனை, சீவியம் எப்பிடியும் ஓடும்" என்றார். எழுத்தறியாத அவர் 'ஓடு' என்ற சொல்லை எத்துணைப் பொருத்தமாகக் கையாண்டார்! திருக்குறளின் 58ஆம் அதிகாரத்துக்குக் 'கண்ணோட்டம்' என்று பெயர். பிறர்மேல் கண் ஓடுவதே இரக்கம் என்பது தமிழர் கண்ட பொருள். ஆங்கிலேயரின் றன் அந்த இடத்துக்கு ஓடியதில்லை. அவர்களுடைய சொல்லைப் பிழையறக் கற்போம். நம்முடைய சொல்லின் பொருளைப் பிறருக்காக வாசிக்கும் ஒவ்வொரு கடிதத்திலும் காட்டுவோம்.