பேஸ் எங்கே போச்சு?

(ஓசூரில் ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் மைக் செட் உரிமையாளர் ஒருவர் பேசியது)



இருபத்திரண்டு வருஷமாக இந்த வாசகர் வட்டத்துக்கு மைக் செட் போடுகிறேன். இத்தனை வருஷத்தில் இந்த மைக்கில் நான் பேசியது "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" மட்டும்தான். அதற்கு ஒருநாளும் யாரும் கைதட்டியதில்லை. போன மாதம் தலைவர் கூப்பிட்டு, "உனக்குப் பிடிச்சது ஏதாவது ஒண்ணு பேசேன்ப்பா" என்றார். மெட்டாலிகா பற்றிப் பேசட்டுமா என்றேன். "அது என்ன, பெயின்ட்டா?" என்றார். சிரிக்காதீர்கள், என் வீட்டிலும் அப்படித்தான் கேட்டார்கள்.

பெயின்ட் இல்லை ஐயா, ராக் இசைக்குழு. 1981-ல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது. டென்மார்க்கிலிருந்து வந்த லார்ஸ் உல்ரிச் டிரம்ஸ். ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் பாட்டும் கிட்டாரும். கர்க் ஹேமட் என்கிற கிட்டார்காரர் 1983-ல் வந்து சேர்ந்தார். அவர்கள் பெருமையை மற்றவர்கள் நிறையப் பேசிவிட்டார்கள். அவர்கள் வாங்கிய திட்டைப் பற்றிப் பேசத்தான் நான் வந்திருக்கிறேன். நாற்பது வருஷமாக, சத்தத்தை மாற்றிய ஒவ்வொரு தடவையும், சொந்த ரசிகர்களிடமே திட்டு வாங்கிய குழு அது. திட்டியவர்களில் நானும் ஒருவன்.

அந்த ரசிகர்கள் யார் என்று முதலில் தெரிய வேண்டும். 1982-ல் எந்தக் கம்பெனியும் இவர்களைச் சேர்த்துக்கொள்ளாத நேரம். சொந்தமாக ஒரு டெமோ கேசட் போட்டார்கள். கேட்டவர்கள் அதை இன்னொரு கேசட்டில் பதிந்து சிநேகிதருக்குத் தபாலில் அனுப்பினார்கள். அவர் பதிந்து அடுத்தவருக்கு. ரேடியோவில் வராத, டிவியில் வராத குழு, தபால்காரர் பையில் ஏறி ஊர் ஊராகப் போனது. அதனால் அந்த ரசிகர் மனசில் ஓர் எண்ணம் ஊறிவிட்டது: இவர்களை ஆளாக்கியது நாங்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டார் வைத்துக்கொள்கிற உரிமை மாதிரி. அந்த உரிமை தெரியாமல் அந்தக் கோபம் விளங்காது.

எனக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. 1989. என் மாமா பையன் சிப்காட்டில் வேலை பார்த்தான். பெங்களூர் சிநேகிதர் ஒருவரிடம் பதிந்து வாங்கிவந்த டிடிகே 90 கேசட் ஒன்றைக் கொடுத்தான். ஒரு பக்கம் முழுக்க 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்', 1986-ல் வந்த ஆல்பம். கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிஷம். ஆல்பமோ கிட்டத்தட்ட 55 நிமிஷம். ஏழாவதாக 'ஓரியன்' என்று, வார்த்தையே இல்லாத ஒன்று வரும். நாலு நிமிஷம் ஓடி, டக்கென்று அறுந்துவிடும். அது அங்கேதான் முடிகிறது என்று நாலைந்து வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வருகிறேன்.

முதல் ஆல்பம் 1983-ல் வந்தது. வேகம் என்றால் அப்படியொரு வேகம். அடுத்த வருஷமே முதல் திட்டு. 1984 ஜனவரியில் பாஸ்டன் நகரில் இவர்களுடைய சாமான்கள் திருடு போயின. ஹெட்ஃபீல்ட் உயிராக வைத்திருந்த மார்ஷல் ஆம்ப்ளிஃபையரும் போனது. ஆம்ப்ளிஃபையர் பறிகொடுத்தவன் துக்கம் எனக்குத் தெரியும். ஒரு தேர்த் திருவிழாவில் என் மிக்ஸர் மழையில் நனைந்து போன ராத்திரி நான் சாப்பிடவில்லை. அந்தத் துக்கத்தில் பிறந்த பாட்டு 'ஃபேட் டு பிளாக்'. தொடக்கத்தில் மெதுவாக அகூஸ்டிக் கிட்டார். அவ்வளவுதான், "விலைபோயிட்டானுங்க" என்று கிளம்பிவிட்டார்கள். முதல் ஆல்பம் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது! இன்றைக்கு அதே பாட்டைக் காட்டித்தான், "பழைய மெட்டாலிகான்னா இதுதான்யா" என்கிறார்கள்.

இத்தனை வருஷம் கேட்டதில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ரசிகர் திட்டும்போது அதில் இரண்டு குரல் இருக்கும். ஒன்று காது பேசுவது. இன்னொன்று வயசு பேசுவது. என் தொழில் பாஷையில் சொன்னால், இரண்டும் ஒரே சேனலில் வருகின்றன. பிரித்துக் கேட்பது கஷ்டம்.

காது பேசியதற்கு ஒரு உதாரணம். 1986 செப்டம்பர் 27, ஸ்வீடனில் குழுவின் பஸ் கவிழ்ந்தது. பேஸ் கிட்டார் வாசித்த க்ளிஃப் பர்ட்டன் இறந்துபோனார். வயசு 24. அவர் இடத்துக்கு ஜேசன் நியூஸ்டெட் வந்தார். 1988-ல் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' வெளியானது. அதில் பேஸ் கேட்காது. பேஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்: தவிலில் தொப்பிப் பக்கத்தைத் துணி போட்டு மூடிவிட்டு வலந்தலையை மட்டும் வாசித்தால் எப்படி இருக்கும்? அப்படி. அந்தக் கேசட்டை, அப்போது நான் வேலை பார்த்த கடையில் போட்டுவிட்டு ஈக்வலைஸரில் பேஸ் குமிழை மேலே மேலே ஏற்றினேன். ஸ்பீக்கர் உறுமியதே தவிர நியூஸ்டெட் வரவில்லை. ஸ்பீக்கர் போய்விட்டது என்று கோனைக் கழற்றிப் பார்த்து முதலாளியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது. மிக்ஸ் செய்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் தாம்ஸன், பேஸைக் குறைக்கச் சொன்னது லார்ஸ்தான் என்று பிற்பாடு பேட்டியில் சொன்னார்.

ரசிகர்கள் திட்டியதோடு நிற்கவில்லை. சிலர் பேஸைத் தாங்களே சேர்த்து, 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஜேசன்' என்று பெயர் வைத்துச் சுற்றுக்கு விட்டார்கள். சாம்பாரில் உப்பில்லை என்று கத்துவதை விட்டுவிட்டு, எழுந்துபோய் உப்பெடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

அந்த ஆல்பத்தோடு ஊர் ஊராகப் போனபோது இன்னொன்றும் நடந்தது. தலைப்புப் பாட்டு மட்டும் கிட்டத்தட்டப் பத்து நிமிஷம். அதை வாசிக்கும்போது எதிரே நின்றவர்களின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்ததாகக் கர்க் ஹேமட் சொல்லியிருக்கிறார். மேடையில் நிற்கிறவனுக்கு அது நன்றாகவே தெரியும். எனக்கு இப்போது மூன்றாம் வரிசையில் தெரிகிறது. ஆக, மாறச் சொன்னதே ரசிகர்தான். வாயால் சொல்லவில்லை, கொட்டாவியால் சொன்னார்.

1990 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டுடியோவுக்குள் போனார்கள். தயாரிப்பாளராகப் பாப் ராக் என்பவரைக் கூட்டிவந்தார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதிந்து பழகியவர்களை ஒரே அறையில் உட்காரவைத்துச் சேர்ந்து வாசிக்கச் சொன்னார் அவர். மூன்று தடவை மிக்ஸ். பத்து லட்சம் டாலர் செலவு. 'என்டர் சாண்ட்மேன்' பாட்டின் கிட்டார் துணுக்கை ஹேமட் கொண்டுவந்தபோது, அதன் முதல் பாதியை மூன்று தடவை வாசித்துவிட்டு அப்புறம் வாலைச் சேர் என்றார் லார்ஸ். அவ்வளவுதான் மாற்றம். இன்றைக்குக் கிட்டார் கற்றுக்கொள்கிற பையன்கள் முதல் மாதமே அதைத் தட்டிப் பார்க்கிறார்கள்.

'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' கதை இதைவிட அழகு. ஹெட்ஃபீல்ட் ஒரு கையில் ஃபோனைப் பிடித்துக் காதலியோடு பேசிக்கொண்டிருந்தார். இன்னொரு கை சும்மா இருக்காமல் மடியிலிருந்த கிட்டாரை மீட்டியது. ஒரு கைதானே இருக்கிறது, கம்பியை எங்கும் அழுத்த முடியாது. திறந்த கம்பிகளிலேயே பிறந்தது அந்தத் தொடக்கம். சுவரோரம் நிற்கிற தம்பிகள் யாரிடமாவது சுருதி சேர்த்த கிட்டார் இருந்தால், இன்று ராத்திரியே ஒரு கையால் மீட்டிப் பார்க்கலாம். அதைத் தனக்காகத்தான் அவர் எழுதினார். கேட்டுவிட்டு, இது ஆல்பத்தில் வரவேண்டும் என்று பிடித்துக்கொண்டவர் லார்ஸ்.

1991 ஆகஸ்டில் கறுப்பு அட்டையோடு அந்த ஆல்பம், ரசிகர்கள் 'பிளாக் ஆல்பம்' என்று சொல்வது, வந்தது. அமெரிக்காவில் மட்டும் 1 கோடி 60 லட்சத்துக்கு மேல் விற்றது. பழைய ரசிகர்கள் துக்கம் கொண்டாடினார்கள். ரேடியோவுக்கு விலைபோய்விட்டது, வேகம் செத்துவிட்டது, காதல் பாட்டுப் பாடுகிறார்கள். நான் தொழில்காரன், ஒன்று சொல்கிறேன். இன்றைக்கும் புது ஸ்பீக்கர் வாங்கினால் அந்த ஆல்பத்தில் 'சாட் பட் ட்ரூ'வைப் போட்டுத்தான் சோதிக்கிறேன். தரை அதிரும். பேஸ் எங்கே போச்சு என்று மூன்று வருஷம் கேட்டார்களே, பேஸ் முழுசாகத் திரும்பி வந்திருந்தது. அப்போதும் திட்டினார்கள். அது காது பேசியது இல்லை.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். 1996-ல் 'லோட்' வந்தது. குழுவே முடியை வெட்டிக்கொண்டது. கண்ணுக்கு மை. அட்டைப்படம் எதைக் கொண்டு செய்தது என்பதை நூலகத்தில் வைத்துச் சொல்ல முடியாது, தேடித் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு வந்த கோபத்தில் இரண்டாவது பாட்டோடு நிறுத்தினேன். காசு கொடுத்து வாங்கிய அந்தக் கேசட்டின் மேல் ஓட்டையில் செல்லோ டேப்பை ஒட்டி, அதன்மேல் கல்யாண நாதஸ்வரத்தைப் பதிந்துவிட்டேன். பத்து வருஷம் அந்த 'லோட்' கேசட் ஓசூர் மண்டபங்களில் கெட்டிமேளம் அடித்தது. அவர்கள் முடி வெட்டியதற்கு அவ்வளவு கோபப்பட்ட எனக்கு அந்த வருஷம்தான் முன்மண்டை ஏற ஆரம்பித்திருந்தது. பிற்பாடு நிதானமாகக் கேட்டேன். பதினாலு பாட்டில் ஐந்தாறு தேறும். 'பிளீடிங் மீ' உயர்ந்த சரக்கு. அதைக் கேட்காமல் பத்து வருஷம் வீணாக்கினேன்.

2000-ல், இணையத்தில் பாட்டுகளைப் பகிர்ந்துகொள்ள வழிசெய்த நாப்ஸ்டர் மேல் வழக்குப் போட்டு, பாட்டை இலவசமாகப் பகிர்ந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பட்டியலைக் கொடுத்தார்கள். கேசட் பதிந்து பதிந்து வளர்ந்த குழு! அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அது வேறு கூட்டத்துக்கான பேச்சு.

2003-ல் 'செயின்ட் ஆங்கர்'. ஸ்நேர் டிரம்மின் அடித்தோலில் கம்பிச் சுருள் உரசிக்கொண்டிருக்கும். அதனால்தான் அதற்கு அந்தச் 'சர்ர்' ஓசை. லார்ஸ் அந்தக் கம்பியை விலக்கிவிட்டு வாசித்தார். டங், டங், டங். பதினைந்து கிலோ எண்ணெய் டின்னை ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டிக் கேளுங்கள், அதுதான் அந்த ஆல்பம். கிட்டார் சோலோவும் கிடையாது. ரசிகர்கள் திட்டினார்கள், சரியாகவே திட்டினார்கள். சிலர் முழு ஆல்பத்தையும் தாங்களே மறுபடி வாசித்துப் பதிந்துவிட்டார்கள்.

2008-ல் 'டெத் மேக்னடிக்'. பாட்டெல்லாம் நன்று, பதிவு நாசம். சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் ஒலியின் தலை வெட்டுப்படும். ஆடி மாசம் தெருமுனை ஸ்பீக்கரில் வருகிற கரகரப்பு அதுதான். (என் ஸ்பீக்கரில் வராது.) அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' என்கிற வீடியோ கேமில் சுத்தமாக ஒலித்தன. ரசிகர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லி 10,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். என் கைக்கு வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று மாஸ்டரிங் என்கிற கடைசி வேலையைச் செய்த டெட் ஜென்சனே எழுதினார். காசு வாங்கிக்கொண்டு மிக்ஸ் செய்த காதுகளுக்குத் தெரியாதது, காசு கொடுத்துக் கேட்ட காதுகளுக்குத் தெரிந்தது.

2011 அக்டோபர் 30-ல் பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு வந்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் டெல்லிக்குப் பக்கத்தில் குர்கானில் நிகழ்ச்சி நடக்காமல் போய், ரசிகர்கள் மேடை ஏறி உடைத்த செய்தியைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது. யாரோ ஒரு மைக் செட்காரன் சாமான் அது. பெங்களூருக்கு என் கடைப் பையனையும் கூட்டிப்போனேன். பத்தொன்பது வயசு. 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' தொடங்கியதும் அழுதுவிட்டான். திரும்பி வரும்போது பஸ்ஸில் சொல்கிறான்: "புது ஆல்பமெல்லாம் சரியில்லண்ணே. பழைய மெட்டாலிகா மாதிரி வராது." எதுடா பழைய மெட்டாலிகா என்றேன். "பிளாக் ஆல்பம்ண்ணே." அவன் பிறந்ததே அந்த ஆல்பம் வந்த அடுத்த வருஷம். எங்கள் செட்டு எதைக் கேட்டு மெட்டாலிகா செத்துவிட்டது என்று சொன்னதோ, அது அவனுக்குப் பொற்காலம். அத்திப்பள்ளி தாண்டும்வரை நான் ஒன்றும் பேசவில்லை.

2022-ல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்கிற டிவி தொடரில் 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு வந்தது. 36 வருஷம் கழித்து அந்தப் பாட்டு முதல்முறையாக அமெரிக்க ஹாட் 100 பட்டியலில் ஏறியது. டிவி பார்த்து வந்த கூட்டம் என்று பழைய ரசிகர்கள் புதுப் பிள்ளைகளைக் கேலி செய்தார்கள். எல்லோரும் வரலாம் என்று குழு சொல்லிவிட்டது. அந்த நாட்களில்தான் என் மகள் என்னிடம் வந்து, "அப்பா, மெட்டாலிகான்னு ஒரு பேண்டு, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது, போடு என்றேன். ஃபோனில் ஆல்பம் வரிசையாக ஓடியது. 'ஓரியன்' வந்தது. நாலாவது நிமிஷம் நெருங்கும்போது என் உடம்பு அந்த 'டக்'குக்குத் தயாராகிவிட்டது. முப்பத்து மூன்று வருஷம் ஆகியும் அந்தக் கேசட் எனக்குள் அறுந்துகொண்டேதான் இருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் நான் உடனே ஸ்பீக்கரைக் கழற்றப் போவதில்லை. 'ஓரியன்' போடுகிறேன். எட்டரை நிமிஷம். வார்த்தை கிடையாது, அதனால் மொழி தெரியவில்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். நாலாவது நிமிஷத்தில் எல்லாச் சத்தமும் அடங்கி பேஸ் மட்டும் தனியாக எழும். வாசிப்பது க்ளிஃப் பர்ட்டன். டீ வருவதற்குள் முடிந்துவிடும், இருக்க முடிந்தவர்கள் இருங்கள்.