விபத்துற்றார்க்கு வக்கீல் துணை

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் ஒருவன் நியாயஸ்தலத்துச் செய்தியைப் பேசப் புகுவது உங்களுட் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். சாலை விபத்தில் உழைப்பாளியை இழந்த குடும்பத்தார் தமக்கு விளங்காத கடிதங்களைப் படித்துக் காட்டுமாறு பள்ளிக்கூடத்து ஆசிரியரிடமே வருகின்றனர். அவ்வாற்றான் அறிந்தனவற்றையும் சட்டத்திற் கண்டனவற்றையும் சுருங்கக் கூறுவேன்.

விபத்துற்றவன் ஆஸ்பத்திரிக் கட்டிலிற் கிடக்குங்கால், சுற்றத்தார் வந்து சேருமுன்னரே தரகர் வந்து நிற்றலுண்டு. உங்களுக்குச் செலவொன்றும் இல்லை, பணம் வந்தபின் பங்கு கொடுத்தாற் போதும் என்று இனிமையாகப் பேசி, ஒன்றும் நிரப்பப்படாத வக்காலத்துத் தாளிற் கையொப்பம் பெற்றுச் செல்வர். துயரத்தில் மூழ்கியோர் யாதும் வினவார். 1961-ஆம் ஆண்டு வக்கீல்கள் சட்டத்தின்வழி அமைந்த இந்திய பார் கவுன்சிலின் விதிகள் இவ்விரு செயல்களையும் விலக்குகின்றன. வக்கீல் தரகரை ஏவி வழக்குத் தேடலாகாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுதலும், கிடைக்கும் பொருளிற் பங்கு கொள்ளுதலும் ஆகா. அமெரிக்க நாட்டில் பங்கு பேசுதல் வழக்கில் உள்ளது. நம் நாட்டில் அது தொழில் ஒழுக்கத்திற்கு மாறானது. ஆதலின் பங்கு கேட்பவர் எவராயினும் முதற்கண் விலக்கத் தக்கவர்.

இனி, வக்கீலை எவ்வூரில் அமர்த்துவது? திருநெல்வேலியார் ஒருவர் சென்னைக்குச் செல்லும் வழியில் உளுந்தூர்ப்பேட்டையில் விபத்துற்றார் எனக் கொள்வோம். அவர் குடும்பத்தார் தவணைதோறும் அவ்வளவு தொலை அலைய வேண்டுவதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவு, விபத்து நிகழ்ந்த இடத்திலேயன்றி, மனுதாரர் வாழும் ஊரின் தீர்ப்பாயத்திலும் மனுக் கொடுக்க இடந்தருகின்றது. ஆகவே நினைத்தபொழுது நேரிற் சென்று காணத்தக்க உள்ளூர் வக்கீலே ஏழைக் குடும்பத்திற்கு ஏற்றவர்.

வக்கீலின் திறமை மேடைப் பேச்சில் இல்லை. சான்றுகளைத் திரட்டுதலில் உள்ளது. இதனை ஒரு கணக்கால் விளக்குவேன். 35 வயதினர் ஒருவர், சொந்தத் தொழிலால் மாதம் 15,000 ரூபாய் ஈட்டியவர், மனைவி, மக்கள் இருவர், தாய் ஆகிய நால்வரை விட்டு இறந்தார். உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்த முறைப்படி, வருங்கால வளர்ச்சிக்கு நூற்றுக்கு 40 கூட்டினால் மாதம் 21,000 ஆகும். இறந்தவரின் சொந்தச் செலவுக்காக நாலிலொரு பங்கைக் கழித்தால் 15,750. இஃது ஓராண்டுக்கு 1,89,000. அவ்வயதுக்குரிய பெருக்கெண் 16 ஆதலின், வருவாய் இழப்பு மட்டும் 30,24,000 ரூபாய். வருவாய்க்குச் சான்றின்றித் தீர்ப்பாயம் மாதம் 10,000 என்றே கொள்ளுமாயின், அதே கணக்கு 20,16,000-இல் நின்றுவிடும். வங்கிக் கணக்கேடோ, கடையின் வரவு செலவுப் புத்தகமோ பெட்டியிற் கிடக்க, அதைக் கேட்டு வாங்காத வக்கீலால் அக்குடும்பம் பத்து லட்சத்திற்கு மேல் இழக்கின்றது. மக்களின் படிப்பும் முதியவளின் மருந்தும் அப்பத்து லட்சத்தில் அடங்கியிருத்தலை எண்ணிப் பாருங்கள்.

காலமும் கருதத்தக்கது. 2019-இல் திருத்தப்பெற்று 1-4-2022 முதல் நடைமுறைக்கு வந்த விதி, விபத்து நிகழ்ந்த நாளிலிருந்து ஆறு திங்களுக்குள் மனுக் கொடுக்க வேண்டும் என்கின்றது. இவ்வரம்பை எதிர்த்து வழக்குகள் எழுந்துள்ளனவேனும், அவற்றை நம்பிக் காலந்தாழ்த்தல் அறிவுடைமை ஆகாது. கருமாதி முடிந்தவுடன் முதல் தகவல் அறிக்கையின் நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று, வருவாய்ச் சான்று ஆகியவற்றை ஒரு கட்டாகச் சேர்த்துவிடுக. காயமுற்றவராயின் காயச் சான்றும், மருத்துவச் செலவுச் சீட்டுகளும், ஊனச் சான்றும் வேண்டும். மூலங்களை வீட்டில் வைத்து, கேட்டபொழுது காட்டுக, நகல்களையே கொடுக்க.

வக்கீலைத் தெரிந்துகொள்ளுங்கால் நான்கு வினாக்களைக் கேளுங்கள். மோட்டார் விபத்து வழக்குகளைத் தாமே நடத்தியுள்ளாரா? கட்டணம் எவ்வளவு, எப்பொழுது? அதனை எழுத்தில் தருவாரா? நஷ்ட ஈட்டுத் தொகை மனுதாரரின் சொந்த வங்கிக் கணக்கிற்கே வருமா? இவற்றிற்கு முகங்கோணாது விடை கூறுபவரை அமர்த்துக.

இவ்விடத்து ஒன்று சொல்லியாக வேண்டும். சிலர்க்கு அது கசக்கலாம். நம்மவர் என்ற ஒரே காரணத்தால் வழக்கை ஒப்படைத்துவிட்டு, உறவு கெடுமே என்று கணக்குக் கேளாதிருக்கும் வழக்கம் நம்மிடை உண்டு. பெண் கொடுக்கவும் கொள்ளவும் குலம் பார்ப்பவர், அறுவைக்கு மருத்துவரின் கைத்திறமையே பார்க்கின்றனர். வழக்கும் அத்தகையதே. நம்மவருள் வல்லார் இருப்பின் மகிழ்ச்சியே. இல்லையேல் பிறரிடம் செல்லுதல் இழுக்கன்று.

பொருளில்லார் சோர்வுற வேண்டா. 1987-ஆம் ஆண்டுச் சட்ட உதவி ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பெண்டிர், சிறார், ஊனமுற்றோர் முதலியோர்க்கு இலவச வக்கீல் உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணையத்திற் கேட்டறிக. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடித்தல் விரைவில் பணந்தரும். ஆயினும் அத்தீர்ப்பின்மேல் அப்பீல் இல்லை. ஆகவே மேற்கூறிய கணக்கை ஒரு தாளிற் போட்டுப் பார்த்த பின்னரே ஒப்புக்கொள்க.

சங்கத்தார்க்கு என் வேண்டுகோள் ஒன்று. மரணம் நேர்ந்த வீட்டிற்கு மாலையும் இரங்கற் றீர்மானமும் அனுப்புகின்றோம். இனி, எழுத்தறிந்த இளைஞர் இருவரையும் உடன் அனுப்புவோமாக. வெற்றுத் தாளிற் கையொப்பம் இடாதபடி காத்தலும், சான்றுகளைத் திரட்டித் தருதலும், முதல் தவணைக்கு அவ்விதவையுடன் செல்லுதலும் அவர்தம் கடமையாகுக. அவள் தனித்து நீதிமன்றப் படியேறாதிருப்பின், இச்சங்கம் இருத்தற்குரிய பயன் அதுவே ஆகும்.