சுண்டுவிரலின் பணி

பணியின் பொருட்டுத் தமிழகம் விட்டு ஐதராபாத்து வந்து, குஷாய்குடாப் பகுதியில் குடியேறிய நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் இரண்டு இசைக் கருவிகளைக் காண்கிறோம். ஒன்று, பாட்டியார் கொணர்ந்த வீணை. அது உறையிட்டு மூலையில் இருக்கிறது. மற்றொன்று, பேரப்பிள்ளைகள் பயிலும் கித்தார். இவை இரண்டும் ஒன்றுக்கொன்று அயலானவை என்றே நாம் எண்ணி வருகிறோம்.

கித்தார் பயிலும் பிள்ளை, "கை வலிக்கிறது" என்று கருவியைக் கீழே வைக்கிறது. காரணங்கள் பலவாகலாம். அவற்றுள் நாம் கண்ணால் காணத்தக்கது ஒன்றுண்டு. வலக்கையின் சுண்டுவிரலைக் கருவியின் மேற்பலகையில் ஆணியறைந்தாற்போல் ஊன்றும் பழக்கமே அது.

ஊன்றுவதில் பயனே இல்லையென்று கூறுவதற்கில்லை. தந்தி எங்குள்ளது என்பதைக் கை பாராமலே அறிய அது உதவுகிறது. ஐரோப்பாவின் பழைய லூட் கலைஞர்களும் சுண்டுவிரலைப் பலகைமீது வைத்தே வாசித்தனர். ஆயின், தொடுதல் வேறு; அழுத்துதல் வேறு. அழுத்திய விரல் அசையாது. ஆறாம் தந்தியிலிருந்து முதல் தந்திக்குச் செல்லுங்கால், மணிக்கட்டே வளைந்து நெளிய வேண்டியதாகிறது. விரைவு கூடக்கூட இறுக்கமும் கூடுகிறது.

இனி, மூலையிலுள்ள வீணையை நோக்குவோம். அதில் பாட்டுத் தந்திகள் நான்கு. தாளத் தந்திகள் மூன்று. சுட்டுவிரலும் நடுவிரலும் பாட்டுத் தந்திகளை மீட்ட, சுண்டுவிரல் தாளத் தந்திகளை மீட்டுகிறது. கித்தாரில் நாம் சிறையிடும் அதே விரல், வீணையில் தாளம் காக்கிறது! வீணை தனம்மாள் (1867–1938) விரலில் கம்பி வளையம் அணியாது மீட்டியவர். அவரது நாதத்தின் மென்மை இன்றும் போற்றப்படுகிறது. வலிமையால் நாதம் பிறப்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? சிலப்பதிகாரக் கானல்வரியும் வார்தல், வடித்தல் முதலாக எட்டு இசைக்கரணங்களை எண்ணிக் கூறுகிறது. கையின் தொழிலை நம் முன்னோர் அத்துணை நுணுகி நோக்கினர்.

ஆதலின், பிள்ளைகளுக்கு நாம் கூறத்தக்கது இது. முன்கை கருவியின் விளிம்பில் இளைப்பாறட்டும். மீட்டும் வில்லையைப் பெருவிரலும் சுட்டுவிரலும் நழுவாத அளவுக்கே பற்றட்டும். சுண்டுவிரல் பலகையைத் தடவிச் செல்லட்டும், ஊன்ற வேண்டா. நாள்தோறும் பத்து நிமிடம், கீழும் மேலுமாக, மிக மெதுவாக ஆறு தந்திகளையும் மீட்டிப் பழகட்டும். வலி தோன்றினால் நிறுத்துக.

அப்பயிற்சி நடைபெறும் வேளையில், பாட்டியாரின் வீணை உறையையும் ஒருமுறை அகற்றி வைப்போம். சுண்டுவிரலின் பணி யாதென்று பேரப்பிள்ளை நேரிலேயே கண்டுகொள்ளும்.