இழுப்புள்ள பிள்ளையும் ஓடி விளையாடலாம்



மழைக்காலம் வந்தால் இழுப்புள்ள பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பாதி நாள் வருவதில்லை. வந்தாலும், இரவெல்லாம் தூங்காமல் மேசையில் சாய்ந்துவிடுகிறார்கள். "ஓடாதே" என்று ஆசிரியர்கள் நாங்களே அவர்களை ஓரத்தில் உட்கார வைத்தோம். அது எங்கள் பிழை.

ஆஸ்துமாவைக் கட்டுப்பாட்டில் வைத்தால் அவர்களும் ஓடி விளையாடலாம். கிளினிக்கில் தரும் தடுப்பு இன்ஹேலரை, இழுப்பு இல்லாத நாளிலும் டொக்டர் சொன்னபடி கொடுக்க வேண்டும். "பம்ப் பழகிவிடும்" என்ற பயம் வேண்டாம். இழுப்பு வரும்போது அடிக்கும் பம்ப் உடனே மூச்சைத் திறக்கும். அதை மட்டும் நம்பினால் நோய் அடங்காது. அதற்கும் அடங்காமல், பேச முடியாமல் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மருந்து மட்டும் போதுமா? ஒரே காம்பிராவில் விறகுப் புகை, ஒழுகும் தகரம், ஈரச் சுவர். கிளினிக்குக்குப் போனால் தாய்க்கு அன்றைய பேர் இல்லை. இது தாயின் குற்றமல்ல.

புகைபோக்கி, கூரைத் திருத்தம், கிளினிக் நாளுக்குச் சம்பளத்தோடு லீவு: இந்த மூன்றையும் நிர்வாகத்திடம் கேட்போம். மாதர் தலைவிமாரே, உங்கள் லயத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு இழுப்பு என்று எண்ணிக்கொண்டு அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வாருங்கள். கணக்கோடு போனால்தான் துரை காது கொடுப்பார்.