கொண்டுவிக்கப் போனவர்களின் சங்கம்



1937-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியது. ஒரே நாளில் மூன்று ஊர்களில் கிளை திறந்தார்கள்: சென்னை, காரைக்குடி, ரங்கூன். அடுத்தது பினாங்கு. சென்னையில் திறந்தது சரி. காரைக்குடிக்கும் ரங்கூனுக்கும் அப்படி என்ன அவசரம் என்று இன்றைக்குக் கேட்கத் தோன்றும். வங்கியைத் தொடங்கிய எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியாரிடம் அன்றைக்கு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். செட்டிநாட்டுப் பணம் பாதி அக்கரையில்தான் இருக்கிறது என்பது ஊரறிந்த சங்கதி.

ஆறு இல்லாத, துறைமுகம் இல்லாத, கண்மாயை நம்பிய பூமி நம் செட்டிநாடு. இங்கிருந்து நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் கொழும்புக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சைகோனுக்கும் கொண்டுவிக்கப் போனார்கள், அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்யப் போனார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய களம் பர்மா. கீழ்ப் பர்மா பிரிட்டிஷார் கைக்குப் போயிற்று; 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது; ஐராவதி டெல்டாவின் நெல்லுக்கு உலகச் சந்தை கிடைத்தது. காடு வெட்டி வயலாக்கும் விவசாயிக்குக் கைமுதல் வேண்டும். ஆங்கிலேய வங்கி அவனுக்குக் கொடுக்காது, செட்டியாருக்குக் கொடுக்கும். அதை வாங்கிச் சொந்தப் பணத்தோடு சேர்த்து விவசாயிக்குக் கொடுத்தார்கள். 1929-30-இல் பர்மாவின் வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. போட்டிருந்த மொத்த முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். அந்தக் காலத்து 75 கோடி!

இத்தனை பெரிய வியாபாரம் நடந்த இடத்தை அன்றைக்குப் பார்த்திருந்தால் நம்பியிருக்கமாட்டீர்கள். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி என்று சொல்லப்பட்ட நீளமான கூடம். அதில் வரிசையாகப் பல கடைகள். ஒரு கடை என்றால் ஒரு பாய், ஒரு கைப்பெட்டி, பின்னால் ஓர் அலமாரி, அவ்வளவுதான். பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு மேலாள் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் அடுத்தாள், எடுபிடிக்குப் பெட்டியடிப் பையன். மீசை அரும்பாத வயதில் கப்பலேறிய பையன் அவன். பேரேடு எழுதவும் வட்டி போடவும் அங்கேதான் படிப்பான். பகலில் கடை, ராத்திரி அதே இடத்தில் படுக்கை. சமையல் பொது, வாடகை பொது. சம்பள ஆள் என்றால் மூன்று வருஷத் தவணை. முடிந்ததும் ஐந்தொகை எடுத்து முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். ஆச்சியும் பிள்ளைகளும் ஊரில்தான். பெரும்பாலோர் குடும்பத்தைக் கூட்டிப் போகவில்லை.

இப்படித் தனி ஆளாகப் போனவர்களை ஒன்றாகக் கட்டி வைத்தது எது? நாம் இன்று சங்கம் என்று எதைச் சொல்கிறோமோ, அந்த வேலையைக் கோயில் பார்த்தது. சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859-இல் குடமுழுக்குக் கண்டது. பினாங்கில் ஒரு கோயில், சைகோனில் ஒன்று, கொழும்புச் செட்டியார் தெருவில் கதிரேசன் கோயில், ரங்கூன் மொகல் தெருவில் ஒன்று. போன இடமெல்லாம் முருகன்தான். பினாங்குத் தைப்பூசத்தில் இன்றும் ஓடுகிற வெள்ளி ரதம் 1894-இல் காரைக்குடியில் செய்து கப்பலேற்றியது.

சாமி கும்பிட மட்டும் அங்கே கூடவில்லை. ரங்கூன் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டி நிர்ணயம் செய்தார்கள். அந்த மாதம் செட்டியாருக்குச் செட்டியார் என்ன வட்டிக்குப் பணம் புரட்டிக்கொள்வது என்று முருகன் சந்நிதியில் முடிவாகும். கொடுக்கல் வாங்கலில் தகராறு என்றால் கோர்ட்டுக்குப் போகும் முன் அங்கேதான் பேசுவார்கள். ஒவ்வொரு கடையும் வரவில் ஒரு சிறு பங்கை மகமை என்று கோயிலுக்கு எடுத்து வைத்தது. அந்தப் பணமும் சும்மா இருக்கவில்லை. கடைகளுக்கே வட்டிக்குப் போய்த் திரும்பி வந்தது. சாமியும் ஒரு டெபாசிட்தாரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் பக்தி எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நம்மில் பலருக்கு ஆசை. அவர்கள் பிரிக்கவில்லை. சாமி முன்னால் கொடுத்த வாக்கை மீறுகிறவனுக்கு நாளைக்குக் கடன் கிடைக்காது. அதைவிடப் பெரிய ஜாமீன் வேறென்ன?

பிற்பாடு பதிவு செய்த சங்கங்களும் வந்தன. ரங்கூனில் ‘தனவணிகன்’ என்று ஒரு பத்திரிகை. அதற்கு ஆசிரியராகப் போன கோட்டையூர்ப் பையன்தான், பின்னாளில் உலகம் சுற்றிப் படச்சுருள் சேகரித்து 1940-இல் காந்தியைப் பற்றி ஆவணப்படம் வெளியிட்ட ஏ.கே. செட்டியார். கொண்டுவிக்கப் போனவர்கள் கொண்டுவந்த பண்டங்களில் இந்தப் படத்தையும் சேர்க்க வேண்டும்.

மற்ற பண்டங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். பர்மாத் தேக்கில் தூண், இத்தாலிப் பளிங்கு, மங்குச் சாமான், அரக்குப் பெட்டி. வீட்டோடு நிற்கவில்லை. அண்ணாமலை செட்டியார் பெயரில் 1929-இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம். மலாயாவில் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த அழகப்பச் செட்டியார் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். அடுத்த வருஷமே மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். ஜூலை 25 அன்று நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அக்கரைப் பணம் இக்கரையில் என்னவாயிற்று என்பதற்குச் சான்று வேண்டுமென்றால் அந்த வளாகத்தைச் சுற்றி வந்தால் போதும்.

இவ்வளவு நேரம் நம் பக்கத்துக் கணக்கைப் பேசினோம். பர்மியர் பக்கத்திலும் ஒரு பேரேடு உண்டு. அதையும் பிரிப்பதுதான் நியாயம். 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை. அடமான நிலம் ஒன்றன்பின் ஒன்றாகச் செட்டியார் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் நிலம், 1938-க்குள் இருபத்தைந்து பங்கு ஆகிவிட்டது. நிலம் யாருக்கு வேண்டும், பணம்தான் வேண்டும் என்று கடைக்காரர்கள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வயலை இழந்தவன் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? வெளியூர்க்காரன், குடும்பத்தைக்கூட அழைத்து வராதவன், மூன்று வருஷத்தில் போகிறவன், என் காணியை எழுதி வாங்கிக்கொண்டான். இதுதான் அவனுக்குத் தெரிந்தது.

என் கணிப்பு இது. திரும்பி வருவதற்கென்றே கட்டப்பட்ட அமைப்பு அது. மூன்று வருஷத் தவணை, ஊரில் குடும்பம், கோயிலுக்குள் முடிந்துபோகிற வட்டிப் பேச்சு என்று எல்லாமே சொந்த ஊரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. செட்டிநாடு செழித்தது அதனால்தான். அக்கரையில் கஷ்டம் வந்தபோது பக்கத்து வீட்டுக்காரன் என்று பேச ஆளில்லாமல் போனதும் அதனால்தான். 1900-இல் பர்மாவின் மோல்மேனில் கடை போட்ட முருகப்பச் செட்டியாரின் குடும்பம்போலச் சிலர் முன்னமே நிலவரம் பார்த்து முதலை இந்தியாவுக்குத் திருப்பிக்கொண்டார்கள். மற்றவர்கள் 1942-இல் ஜப்பானியர் வந்தபோது பேரேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 1948-இல் பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டு வந்தது. பத்திரம் பெட்டகத்தில் தங்கியது, நிலம் போனது.

சங்கமே இல்லாமல் போனவர்களும் நம் சீமையில் உண்டு. சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம் இந்தோனேசியாவின் மேடானில் வட்டிக்கடை ஊழியராக இருந்தவர். அவருடைய ‘புயலிலே ஒரு தோணி’ நாவலைப் படித்தால் பெட்டியடி உலகத்தை முதலாளியின் கண்ணால் பார்க்காமல் சம்பளக்காரனின் கண்ணால் பார்க்கலாம். அவருக்கும் கீழே, கங்காணி கூட்டிப்போன கூலிகள். அவர்கள் பெயரில் எந்த ஊரிலும் பளிங்குத் தரை கிடையாது.

இன்றைய நகரத்தார் குடும்பத்தோடு போகிறார்கள், அங்கேயே வீடு வாங்குகிறார்கள். வட அமெரிக்காவில் அவர்களுக்கு நகரத்தார் சங்கம் இருக்கிறது. ஆனாலும் கல்யாணம் என்றால் நகரத்தாரின் ஒன்பது குலக் கோயில்களில் தங்கள் தங்கள் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். இளையாற்றங்குடியோ மாற்றூரோ, மாலை வந்தால்தான் அந்தத் தம்பதி ஒரு புள்ளி, அதாவது சமூகக் கணக்கில் ஒரு குடும்பம். புள்ளிக் கணக்கில் ஏறினால்தான் வரி கேட்பார்கள், திருப்பணிக்குக் கூப்பிடுவார்கள். டெக்ஸாஸில் வேலை பார்க்கிற பிள்ளைக்கும் இதே கணக்குத்தான். ஊரிலுள்ள வீட்டுக்குத்தான் பாடு. பத்துப் பதினைந்து பங்காளிகள் நாலு நாட்டில் இருந்தால் ஓடு மாற்றக்கூட யாரிடம் கையெழுத்து வாங்குவது? சிலர் இடிக்கிறார்கள். தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்கின்றன.

பர்மாவில் நகரத்தார் விட்டுவந்த கோயில்கள் என்னவாயின என்று கேட்பீர்கள். கடைகள் போயின, கோயில்கள் பல நிற்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு இன்று விளக்கேற்றி, திருவிழா எடுத்து, காவடி தூக்குகிறவர்கள் அங்கேயே தங்கிவிட்ட தமிழர்கள். மூட்டை தூக்கவும் அறுவடைக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள். திரும்பி வரக் கப்பல்காசு இல்லாதவர்களும் அவர்களின் முன்னோரில் உண்டு.