துணியால் ஒரு முகக்கவசம்



2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்று உலகெங்கும் பரவியபோது மருந்துக்கடைகளில் முகக்கவசம் கிடைப்பது அரிதாயிற்று. வீடுகளில் தையல் இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. அன்று தைக்கப்பட்டவற்றுட் பல கண்ணுக்கு அழகாயிருந்தன. ஆனால் துணியோ ஐதானது, ஓரங்களிலோ இடைவெளி. பூவேலைப்பாட்டிற் செலுத்திய கவனத்தை ஓரத்திற் செலுத்தியிருக்கலாம்.

இது புதிய கலையன்று. 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவிலே நுரையீரலைத் தாக்கும் கொள்ளைநோய் பரவிற்று. பினாங்கில் பிறந்த வைத்தியர் வூ லியன் டே அங்கே ஹார்பின் நகருக்கு அனுப்பப்பட்டார். இந்நோய் மூச்சின் வழியே தொற்றுகிறது எனக் கண்ட அவர், சல்லாத்துணி மடிப்புகளுக்கிடையே பஞ்சு வைத்து, துணியின் இரு முனைகளையும் நாடாக்களாகக் கிழித்துத் தலைக்குப் பின்னே கட்டும் எளிய கவசத்தைப் பரப்பினார். அனுபவம் மிக்க பிரெஞ்சு வைத்தியர் மெஸ்னி அவரது கருத்தை ஏற்கவில்லை. கவசமின்றி நோயாளரைப் பார்வையிட்டார்; 1911 ஜனவரியில் அந்நோயாலேயே மாண்டார்.

சரி, துணிக்கு வருவோம். துணியை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒளி தாராளமாக ஊடுருவுமாயின் அது உதவாது. நெருக்கமாக நெய்த பருத்தியே வேண்டும். வெட்டுமுன் வெந்நீரில் அலசி உலர்த்துக; இல்லையேல் பின்னர் சுருங்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூன் மாதத்தில் மூன்று அடுக்குகளைப் பரிந்துரைத்தது: அகத்தே ஈரத்தை உறிஞ்சும் பருத்தி, நடுவே வடிகட்டும் துணி, புறத்தே ஈரம் ஒட்டாத துணி. அகத்துணி வேறு நிறமாயிருப்பின் உட்பக்கம் எதுவென ஐயம் எழாது.

9 அங்குல நீளமும் 7 அங்குல அகலமும் கொண்ட துண்டுகள் வளர்ந்தோர்க்குப் பெரும்பாலும் போதும். குறுக்கே மூன்று மடிப்புக் கொடுத்துத் தைத்தால் கவசம் மூக்கிலிருந்து நாடிக்குக் கீழ்வரை விரியும். மேலோரத்தில் மெல்லிய கம்பியொன்றை வைத்துத் தைத்து, மூக்கின்மேல் அழுத்தி வளைத்துவிடுக. மூக்குக்கண்ணாடி அணிவோருக்கு ஒரு சோதனை உண்டு: கண்ணாடியில் ஆவி படிந்தால், மூச்சு மேற்புறமாகத் தப்புகிறது என்பது பொருள்.

துணிக்கவசம் வைத்தியசாலைக் கவசத்திற்கு ஈடாகாது. வீட்டில் நோயாளியைப் பராமரிப்பவர் பின்னையதையே அணிதல் வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு எந்தக் கவசமும் கூடாது.

ஈரமானதும் மாற்றுங்கள், ஆளுக்கு ஒன்று போதாது. நாள்தோறும் சவர்க்காரமிட்டுக் கழுவி, வெயிலில் உலர்த்துங்கள்.